ஒளியால் தூண்டிய சினாப்ஸ் மின்னோட்டம் 20 ஹெர்ட்ஸில் சரிகிறது: சினாப்ஸின் இயல்பா, சேனல்ரொடாப்சின் செய்யும் வேலையா?

ஸ்லைஸ்மேசை (கேள்வி)

சுண்டெலியின் நடு முன்நெற்றிப் புறணியிலிருந்து அமிக்டலாவின் பிஎல்ஏ பகுதிக்கு (அடிப்பக்க அமிக்டலா) வரும் இணைப்பை ஸ்லைஸில் (மெல்லிய மூளைத் துண்டில்) அளக்கிறோம். புறணியில் ஏஏவி5 (மரபணுவை ஏற்றிச் செல்லும் வைரஸ்), கேம்கே-2 புரோமோட்டர் (கிளர்த்தும் நியூரான்களில் அந்த மரபணுவை இயக்கும் பகுதி), சிஎச்ஆர்2 எச்134ஆர் (ஒளி பட்டால் திறக்கும் சேனல்ரொடாப்சின்-2-இன் ஒரு திரிபு), கூடவே மஞ்சள் ஒளிர்புரதம். டைட்டர் (வைரஸின் செறிவு) மில்லிலிட்டருக்கு 10¹³, மூளையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 300 நானோலிட்டர். ஐந்து வாரம் கழித்து 300 மைக்ரான் கரோனல் ஸ்லைஸ். 40 மடங்கு நீர்மூழ்கு ஆப்ஜெக்டிவ் வழியே 470 நானோமீட்டர் எல்இடி, புலம் முழுவதும் ஒளிரும்படி, பல்ஸ் 5 மில்லிசெகண்ட். பிப்பெட்டில் சீசியம் மீத்தேன்சல்போனேட்டும் கியூஎக்ஸ்-314-உம் (செல்லின் சொந்தப் பொட்டாசிய, சோடியக் கதவுகளை அடைக்க). செல்லை −70 மில்லிவோல்ட்டில் பிடித்திருக்கிறோம்.

மூன்று சிக்கல். 50 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு பல்ஸ் கொடுத்தால் இரண்டாவது முதலாவதில் 0.4 அளவுதான் வருகிறது. பத்தாவது பல்ஸில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை. இரண்டாவது, சில செல்களில் ஒளி விழுந்த உடனேயே, சினாப்ஸ் மின்னோட்டத்துக்கு முன்னால், ஒரு சின்ன உள்நோக்கிய மேடு தெரிகிறது. மூன்றாவது, டிடிஎக்ஸ் (சோடியக் கதவுகளை அடைத்து ஆக்சான் சுடுவதை நிறுத்தும் நச்சு) போட்டால் சினாப்ஸ் மின்னோட்டம் மறைகிறது, சரி. ஆனால் 4-ஏபி (பொட்டாசியக் கதவுகளை அடைக்கும் மருந்து) சேர்த்த பிறகும் பாதி செல்களில் திரும்பி வரவில்லை. அந்தச் செல்களுக்கு நேரடி இணைப்பு இல்லை என்று எழுதிவிடலாமா?

போட்டான்மணி

முதல் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த 0.4-ஐ சினாப்ஸின் குணம் என்று எழுதாதீர்கள். உங்கள் அமைப்பில் இந்தச் சரிவை உண்டாக்கக்கூடியவை குறைந்தது மூன்று இருக்கின்றன.

ஒன்று, ஒளி நேராக ஆக்சான் முனைகள் மேல் விழுகிறது. சிஎச்ஆர்2 சோடியத்தை மட்டுமல்ல, கொஞ்சம் கால்சியத்தையும் உள்ளே விடும். எச்134ஆர் மூடவும் நேரம் எடுக்கும்: அறை வெப்பத்தில் அதன் மூடல் காலமாறிலி 18 மில்லிசெகண்டை ஒட்டி இருக்கும். 5 மில்லிசெகண்ட் பல்ஸ் முடிந்த பிறகும் முனை உடனே ஓய்வு மின்னழுத்தத்துக்குத் திரும்பாது. ஆக்சன் பொட்டென்ஷியல் அகலமாகும், முதல் பல்ஸிலேயே வெசிக்கிள்கள் (குளூட்டமேட் நிறைந்த நுண்பைகள்) அளவுக்கு மீறி வெளியேறும், இரண்டாவதற்குக் கையிருப்பு குறையும்.

இரண்டு, சிஎச்ஆர்2 தானே களைக்கும். முதல் பல்ஸின் உச்ச மின்னோட்டம் திரும்ப வர இருட்டில் பல விநாடிகள் வேண்டும். பத்தாவது பல்ஸில் எத்தனை ஆக்சான் சுடுகிறது என்று தெரியாமல் சினாப்ஸ் தளர்கிறது என்று சொல்ல முடியாது. ஸ்வீப்புகளுக்கு (ஒவ்வொரு முறை பதிவுக்கும்) நடுவே 15 முதல் 20 விநாடியாவது விடுங்கள்.

மூன்று, வைரஸ். ஹார்வர்டில் வேட் ரெகரின் ஆய்வகம் 2014-இல் இதை நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஹிப்போகேம்பஸின் சிஏ3–சிஏ1 சினாப்ஸில் ஏஏவி1, 5, 8 மூன்றிலும் ஒளியால் வந்த மின்னோட்டம் மின்தூண்டலில் வந்ததைவிட மிக அதிகமாகச் சரிந்தது. ஆக்சான்களோ 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகச் சுட்டன. ஏஏவி9-இலும் மரபணு மாற்ற எலியிலும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. சிறுமூளையின் பர்கிஞ்சி முனைகளில் இந்தத் தொல்லையே இல்லை. ஆக, உங்கள் சினாப்ஸ் எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது: ஃபீல்டு டயஃபிரத்தை மூடி ஒளிப்புள்ளியை 100–150 மைக்ரானுக்குக் கொண்டுவாருங்கள். செல்லிலிருந்து 300–500 மைக்ரான் தள்ளி, மஞ்சளாக ஒளிரும் இழைக்கற்றை மேல் வையுங்கள். பல்ஸை 1 மில்லிசெகண்டுக்குக் குறையுங்கள். தாமதம் ஒரு மில்லிசெகண்ட் அளவு கூடும். அது நல்ல அடையாளம், ஆக்சான் வழியே சமிக்ஞை ஓடி வருகிறது என்று பொருள். கரோனல் வெட்டில் நிறைய இழைகள் அறுபட்டிருக்கும், அதனால் வீச்சு குறையும். குறைந்தால் பரவாயில்லை, விகிதம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. 0.4 என்பது 0.8 ஆனால் பதில் கிடைத்துவிட்டது.

ஒளியின் அளவை எல்இடியின் சதவீதத்தில் குறித்து வைக்காதீர்கள். ஃபீல்டு நம்பர் 22 என்றால் 40 மடங்கில் புலத்தின் விட்டம் 0.55 மில்லிமீட்டர், பரப்பு 0.24 சதுர மில்லிமீட்டர். ஆப்ஜெக்டிவ் முனையில் 2.4 மில்லிவாட் வந்தால் சதுர மில்லிமீட்டருக்கு 10 மில்லிவாட். எல்இடி சூடானால் அதே சதவீதத்தில் வெளிச்சம் இறங்கும். வாரம் ஒருமுறை பவர் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

கிகாசீல்

மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன். எனக்கு அந்தச் சின்ன மேடுதான் பெரிய கவலை.

முதலில் அது செல்லிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். பிப்பெட்டைக் குளியல் கரைசலில் சும்மா வைத்து அதே பல்ஸைக் கொடுங்கள். அப்போதும் ஒளி எரியும்போதும் அணையும்போதும் கூர்மையான முள் வந்தால், அது குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பியில் ஒளி பட்டு வருவது. கம்பியை மேலே இழுத்து ஒளிப்பாதையிலிருந்து விலக்கினால் போகும்.

முள் இல்லையென்றால் அந்தச் செல்லிலேயே சிஎச்ஆர்2 இருக்கிறது. உறுதிசெய்ய டிடிஎக்ஸ் 1, என்பிகியூஎக்ஸ் 10, ஏபி5 50, கபாசின் 10 (கடைசி மூன்றும் சினாப்ஸ் ஏற்பிகளை அடைப்பவை), எல்லாம் மைக்ரோமோலாரில், போட்டுவிட்டுப் பல்ஸை 100 மில்லிசெகண்டுக்கு நீட்டுங்கள். ஒரு மில்லிசெகண்டுக்குள் தொடங்கி, உச்சம் தொட்டு, கொஞ்சம் இறங்கி, ஒளி அணையும்வரை மேடாக நின்றால் அது நேரடி ஒளிமின்னோட்டம். பிடிப்பு மின்னழுத்தத்தை மாற்றிப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டுமே 0 மில்லிவோல்ட்டை ஒட்டித்தான் திசை மாறும்.

அது எப்படி அங்கே வந்தது? பிஎல்ஏவும் நடு முன்நெற்றிப் புறணியும் இருவழிப் பாதை. புறணியில் ஊசி போட்ட இடத்தில் பிஎல்ஏ நியூரான்களின் ஆக்சான் முனைகளும் இருக்கின்றன. 10¹³ டைட்டரில் 300 நானோலிட்டர் என்றால் அந்த முனைகள் வழியே வைரஸ் பின்னோக்கி ஏறுவதற்கு நல்ல வாய்ப்பு. ஏறிவிட்டால் நீங்கள் புறணியின் இழைகளைத் தூண்டவில்லை. பிஎல்ஏ செல்லையே சுட வைத்து, அதன் பக்கக் கிளை அடுத்த செல்லுக்குத் தரும் குளூட்டமேட்டை அளக்கிறீர்கள். டிடிஎக்ஸ்–4-ஏபி சோதனை இதைப் பிடிக்காது. அதுவும் நேரடி சினாப்ஸ்தானே, ஒழுங்காகத் திரும்பி வரும்! மஞ்சள் ஒளிர்புரதம் செல்சவ்வில் இருப்பதால், சுற்றியுள்ள ஆக்சான்களின் ஒளிர்வில் செல்லுடல் கண்ணுக்குப் படாது. ஆகவே மேலே சொன்ன தடுப்பான்களோடு 15–20 பிஎல்ஏ செல்களைப் பேட்ச் செய்து (பிப்பெட்டை ஒட்டிப் பதிவுசெய்து) எத்தனையில் ஒளிமின்னோட்டம் வருகிறது என்று எண்ணுவதுதான் நம்பகமான வழி. அடுத்த தொகுப்பில் டைட்டரை மூன்றில் ஒரு பங்காக்கி, 100–150 நானோலிட்டர் போதும், நிமிடத்துக்கு 50 நானோலிட்டர் வேகத்தில் செலுத்தி, ஊசியைப் பத்து நிமிடம் அங்கேயே விட்டு எடுங்கள்.

இனி 4-ஏபி. திரும்பி வந்தால் நேரடி இணைப்பு உண்டு என்று எழுதலாம். வராவிட்டால் இல்லை என்று எழுத முடியாது. டிடிஎக்ஸில் ஆக்சான் சுடாது. முனையில் உள்ள சிஎச்ஆர்2 மட்டுமே அந்த முனையைக் கால்சியம் கதவுகள் திறக்கும் அளவுக்கு உயர்த்த வேண்டும். பொட்டாசியக் கதவுகளை அடைத்து அதற்கு உதவுவதுதான் 4-ஏபியின் வேலை. சிஎச்ஆர்2 குறைவாக உள்ள முனைகளில் அது போதாது. 100 மைக்ரோமோலார் போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், இந்த ஒரு சோதனைக்கு மட்டும் புலம் முழுவதும் ஒளி, பல்ஸ் 5–10 மில்லிசெகண்ட், அதிகபட்ச வெளிச்சம். சீரீஸ் ரெசிஸ்டன்ஸை (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான மின்தடையை) கடைசியில் மறுபடி அளங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் அந்தச் செல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திரும்பி வந்ததன் வீச்சையும் வடிவத்தையும் வைத்து எதையும் அளக்காதீர்கள். அது உண்டா இல்லையா என்பதற்கு மட்டும்.

ஸ்லைஸ்மேசை

நன்றி. ஏஏவி9 ஊசி போட்டு எலி தயாராக வாரக்கணக்காகும். கையில் உள்ள எலிகளை வைத்து ஏதாவது அளக்கலாமா? பிஎல்ஏவில் ஜிகேம்ப்6எஃப் (கால்சியம் ஏறினால் பச்சையாக ஒளிரும் சென்சார்) போட்டு இதே ஒளியோடு கால்சியம் இமேஜிங்கும் யோசனையில் இருக்கிறது.

போட்டான்மணி

கிகாசீல் சொன்ன எண்ணிக்கையில் ஒளிமின்னோட்டம் வராமல் இருந்தால் அளக்கலாம். விகிதம் சார்ந்தவற்றை எடுங்கள்: ஒரே ஸ்லைஸில் பக்கத்து பக்கத்துப் பிரமிட் செல்லும் இன்டர்நியூரானும் ஒரே ஒளிக்கு எவ்வளவு வாங்குகின்றன என்பது, அல்லது கபாசினில் −70-இன் உச்சத்துக்கும் +40-இல் 50 மில்லிசெகண்ட் கழித்து வரும் மின்னோட்டத்துக்கும் உள்ள ஏஎம்பிஏ–என்எம்டிஏ விகிதம் (குளூட்டமேட்டின் இரு வகை ஏற்பிகளின் பங்கு). குவாண்டல் அளவு (ஒரே ஒரு வெசிக்கிள் தரும் மின்னோட்டம்) வேண்டுமென்றால் கால்சியத்துக்குப் பதில் 4 மில்லிமோலார் ஸ்ட்ரான்ஷியம். ஒளிக்கு 50 மில்லிசெகண்ட் கழித்து உதிரியாக வரும் நிகழ்வுகளை அளங்கள். எத்தனை ஆக்சான் சுட்டது என்பது அங்கே வீச்சைப் பாதிக்காது. வெளியீட்டு நிகழ்தகவைப் பற்றி மட்டும் இந்த எலிகளிடம் கேட்காதீர்கள். மின்தூண்டலோடு ஒரு ஒப்பீடும் செய்து பாருங்கள்.

கிகாசீல்

மின்தூண்டல் ஒப்பீடு ஹிப்போகேம்பஸில் சரி, பிஎல்ஏவில் அவ்வளவு சுத்தமாக வராது. மின்முனையை எங்கே வைத்தாலும் புறணி, தாலமஸ், உள்ளூர் இழை எல்லாம் கலந்து சுடும். எதனுடன் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. அதைவிட, அதே எலியின் புறணி ஸ்லைஸில் ஒளிரும் செல்லைத் தளர்வாக ஒட்டி, 20 ஹெர்ட்ஸில் பத்துக்கு எத்தனை ஸ்பைக் வருகிறது என்று பாருங்கள். ஸ்பைக் தவறினால் பல்ஸ் நீளத்தைத் திருத்துங்கள். தவறாவிட்டாலும் அது செல்லுடலின் சாட்சிதான், மெல்லிய ஆக்சான் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று உறுதியில்லை.

செந்நிறவிளக்கு

இமேஜிங் பற்றி: சிஎச்ஆர்2-உம் ஜிகேம்ப்பும் ஒன்றாக வேண்டாம். ஜிகேம்ப்பை ஒளிர வைக்கும் அதே நீலம் முனைகளையும் தூண்டும். டூ-ஃபோட்டானிலும் இரண்டும் 920 நானோமீட்டரை ஒட்டியே உறிஞ்சும்.

வழக்கமான மாற்று, புறணியில் கிரிம்சன்ஆர் (சிவப்பு ஒளிக்குத் திறக்கும் சேனல்) போட்டு 630 நானோமீட்டரில் தூண்டி, பிஎல்ஏவில் ஜிகேம்ப்பைப் பார்ப்பது. ஆனால் கிரிம்சன் நீலத்துக்குக் குருடு அல்ல. இமேஜிங் ஒளி தொடர்ந்து எரிந்தால் முனைகள் சுடாமலேயே பாதி உயர்ந்து நிற்கும், நீங்கள் பார்க்க வந்த வெளியீடு ஏற்கெனவே மாறியிருக்கும். ஒரு செல்லைப் பேட்ச் செய்து, இமேஜிங் ஒளி உள்ளபோதும் இல்லாதபோதும் தன்னிச்சையாக வரும் சினாப்ஸ் நிகழ்வுகளின் அடர்த்தியை ஒப்பிடுங்கள். கூடினால் ஒளியைக் குறையுங்கள். சிஎச்ஆர்2-ஐ வைத்துக்கொண்டு சிவப்புச் சென்சாருக்குப் போகலாம் என்றால், ஜேஆர்ஜிகோ1ஏ நீல ஒளி பட்டாலே தானாகப் பிரகாசமாகும். ஆப்சின் (சிஎச்ஆர்2 போன்ற ஒளியுணர் புரதம்) இல்லாத ஸ்லைஸில் அதே பல்ஸைக் கொடுத்துக் கழிக்காமல் அந்த வரைபடத்தை நம்பக் கூடாது.

ஜிகேம்ப் காட்டுவது பெரும்பாலும் ஸ்பைக். செல் சுடாத அளவு சினாப்ஸ் மின்னோட்டம் அதில் தெரியாது, சுட்டாலும் அது புறணியிடமிருந்து நேராக வந்ததா, பக்கத்துச் செல் வழியே வந்ததா என்று தெரியாது. குளூட்டமேட் வெளியேறும் இடத்தையே பார்க்க வேண்டுமென்றால் பிஎல்ஏ செல்களில் ஐகுளூஸ்னிஃபர் (குளூட்டமேட் பட்டால் ஒளிரும் சென்சார்), தூண்டலுக்குக் கிரிம்சன்ஆர், இமேஜிங் வேகம் குறைந்தது 100 ஹெர்ட்ஸ்.

முனைகளை அடக்கிப் பார்க்கும் எண்ணமும் இருந்தால், ஆர்ச்சை (ஒளியால் இயங்கும் புரோட்டான் பம்ப்) நிமிடக்கணக்கில் இயங்க விடாதீர்கள்: அது புரோட்டானை வெளியேற்றி முனையின் பிஎச்சை ஏற்றும், தன்னிச்சையான வெளியீடு குறைவதற்குப் பதில் கூடும். 2021-இல் வந்த இஓபிஎன்3 என்ற அடக்கும் ஆப்சின் ஜி-புரதம் வழியே வேலை செய்வது, முனைகளுக்கு அதுதான் பொருத்தம். மீண்டு வர நிமிடங்கள் ஆகும் என்பதால் ஸ்வீப்புக்கு ஸ்வீப் மாற்றி மாற்றி ஒப்பிட முடியாது, முன்–பின் என்றுதான் திட்டமிட வேண்டும். லேசான அறை வெளிச்சத்திலேயே விழித்துக்கொள்ளும் ஆப்சின் அது. ஸ்லைஸ் வெட்டுவதிலிருந்தே மங்கிய சிவப்பு விளக்கில் வேலை செய்யுங்கள்.