புரொக்கோலி அவிப்பது எப்படி?

நுவரெலியாவில் இருக்கிறோம். வீட்டில் புரொக்கோலி அவித்தால் பூ குழைந்து மஞ்சளாகிவிடுகிறது, தண்டு மட்டும் நறநறவென்று பச்சையாகவே நிற்கிறது. மூன்று வாரமாக இதே கதை.

சாதாரண இடியப்பச் சட்டி, கேஸ் அடுப்பு. நன்றாக ஆவி வந்த பிறகுதான் தட்டை வைக்கிறேன். 5 நிமிடத்தில் தண்டு வேகவில்லை, 9 நிமிடத்தில் பூ போய்விட்டது. சின்னதாக நறுக்கியும் பார்த்தாயிற்று. மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே என்றார் அக்கா, சரி, அதையும் விட்டேன். ஊர் 1,800 மீட்டருக்கு மேலே, தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்புக்காரர் சொல்லும் நேரம் இங்கே சரிவராது போல. மகன் இப்போது தட்டைக் கண்டாலே ஓடுகிறான்.

மலையகத்தில் அவிப்பவர்கள் சொல்லுங்கள்: தண்டை முதலில் போட்டு, எத்தனை நிமிடம் கழித்துப் பூவைச் சேர்க்கிறீர்கள்?