ஸ்டீரியோ ரியலிஸ்ட்: வலப்பக்கப் படம் மட்டும் மங்குகிறது

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 1947இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் வகை முப்பரிமாணப் படக் கேமரா ஒன்று பெரியப்பா வழியாக என்னிடம் வந்தது. 35 மிமீ பிலிமில் இரண்டு லென்ஸ்களும் ஒரே நேரத்தில் இரண்டு படங்களைப் பதிவு செய்யும். பூஞ்சை பிடித்திருந்ததால் (கடற்காற்று எந்த லென்ஸையும் விட்டுவைப்பதில்லை) பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து, லென்ஸ்களைக் கழற்றித் துடைத்து வாங்கினேன். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

முக்காலியில் நிறுத்தி, கடற்கரைச் சாலையின் பழைய கலங்கரை விளக்கத்தைத் தொலைவிலிருந்து எடுத்தபோது, இடப்பக்கப் படத்தில் உச்சிக் கம்பிகள்கூடத் தனித்தனியாகத் தெரிய, வலப்பக்கப் படத்தில் கோபுரமே பஞ்சடைத்தாற்போல் இருந்தது. ஆனால் அதே வலப்பக்கப் படத்தில், ஏழெட்டு அடியில் இருந்த கல் இருக்கையின் சொரசொரப்பு துல்லியமாக விழுந்திருந்தது.

இக்கேமராவில் போகஸ் சக்கரத்தைத் திருப்பினால் நகர்வது லென்ஸ் அன்று, பிலிம் படியும் தளம். அது இரு படங்களுக்கும் பொது என்பதால், வலப்பக்க லென்ஸ் சரியாக உட்காராமல் பிலிமிலிருந்து இம்மியளவு கூடுதலாக விலகி நிற்கிறது என்றே எண்ணுகிறேன். பின்மூடியைத் திறந்து, பிலிம் படியும் இடத்தில் பட்டர் பேப்பரை ஒட்டி, ஷட்டரை 'பி' நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மூடாத நிலை) திறந்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோதும் இதே வேறுபாடு தெரிந்தது.

லென்ஸை மீண்டும் கழற்றாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா? லென்ஸின் உள்கண்ணாடி ஒன்றை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தியிருந்தாலும் இப்படித்தான் மங்குமா, அல்லது ஓரங்கள் மட்டும் கெடுமா? புதுச்சேரியிலோ கடலூரிலோ இத்தகைய கேமராவைத் திறந்து பழகியவர் இருந்தால் தெரிவியுங்கள். நேரில் கொண்டு வருகிறேன்.