அப்டேட்: ஓடைத் தண்ணி ரீடிங், இந்த தடவை ஓட்டத்தையும் அளந்தாச்சு

போன மாசம் போட்டிருந்தேன்ல, நெய்வேலிப் பக்கம் பரவனாறுல சேர்ற எங்க ஊரு ஓடையில டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பு எவ்ளோன்னு காட்டுற கருவி) விட்டுப் பாத்தேன், மழை பேஞ்சதும் ரீடிங் இறங்கிடுச்சு, தண்ணி தேவலாம்னு. ஒரு அண்ணன் கேட்டாரு, "தம்பி, எவ்ளோ தண்ணி போவுதுன்னு அளக்காம அத எப்படி சொல்ற?" அவர் கேட்டது ரொம்ப சரி. மழைத்தண்ணி கலந்தா உப்பு நீர்த்துதான் காட்டும், மொத்தமா அடிச்சிட்டுப் போற உப்பு அன்னிக்கு அதிகமாவே கூட இருக்கலாம்.

அதனால ஞாயித்துக்கிழமை நானும் மச்சானும் 10 மீட்டர் அளந்து ரெண்டு குச்சி நட்டு எலுமிச்சம்பழத்த விட்டோம், 25 செகண்ட். அகலம் 3 மீட்டர், ஆழம் சராசரியா அரை மீட்டர், மேல்மட்ட வேகத்த 0.85-ஆல பெருக்கணும் ஏன்னா அடியில தண்ணி மெதுவாதான் போகும், கணக்கு போட்டா செகண்டுக்கு சுமார் 510 லிட்டர். கோடையிலயும் இங்க ஓட்டம் நிக்காது, நெய்வேலி நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட நிலத்தடி நீர் இருக்கு, அத பம்ப் பண்ணி இறக்காம சுரங்கம் தோண்டவே முடியாது, அந்தத் தண்ணிதான் இந்த ஓடையில வந்து சேருது.

இன்னொன்னு, டிடிஎஸ் மீட்டர் மின்கடத்தலத்தான் அளக்குது, சல்பேட்டா இரும்பான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு லேப்தான். பாட்டில ஓடைத் தண்ணியாலயே மூணு தடவ அலசி, ஐஸ் பெட்டியில வச்சு, சுரங்கத் தண்ணி சேர்ற இடத்துக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு குடுத்திருக்கோம்.

பரவனாறு போய்ச் சேர்ற பெருமாள் ஏரிப் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அங்கயும் அதே நாள்ல எடுக்கணும்.