சொல்தா வீட்டுச் சாவி

ஆள் இல்லாமல் பாழாய்க் கிடக்கும் பழைய வீடுகளைப் பற்றி இங்கே எல்லோரும் எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஒரு வீடு ஞாபகம் வந்துவிட்டது. கடலூரிலிருந்து பாகூர் போகும் பக்கம், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்த வீட்டில் எடுக்க வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், மிச்சம் நிற்கிற இரண்டு தூணாவது நிற்கட்டும்.

அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தமிழ்நாடும் புதுச்சேரியும் அங்கே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். ஆறு வருடம் வண்டியில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தேன். வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, முன்பாதி தட்டையாகத் தளம் போட்ட மட்டப்பா, பின்பாதி சீமை ஓடு, சுவரைப் பிளந்துகொண்டு ஒரு அரச மரம். பறவை எச்சத்தில் வந்து விழுகிற விதைதான், சுண்ணாம்புக் காரையின் இடுக்கில் ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் மேலே எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி தளிர்த்துக்கொண்டேதான் இருக்கும். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: பேய் வீடு, ராத்திரியில் சத்தம் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்ப் பார்த்தேன். வாசலில் நிலையும் இல்லை, கதவும் இல்லை. கூடத்தின் கன்னி மூலையில் இடுப்பளவு பள்ளம், யாரோ புதையல் தேடித் தோண்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. தாழ்வாரத்தில் உடைந்து கிடந்த ஓட்டைத் திருப்பினால் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் இருந்தன. நூற்றைம்பது வருடத்து வீடு என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அது தப்பு. அந்தக் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருடம்தான் 1865. அதையே முத்திரையாக அச்சில் வைத்திருந்ததால் பிற்பாடு செய்த ஓடுகளிலும் அந்த எண்தான் இருக்கும். ஓட்டை வைத்து நீங்களும் ஒரு வீட்டுக்கு வயது கணக்குப் போட்டிருந்தால் இன்னொரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு உண்மையைச் சொன்னது எதிர்வீட்டு ஆயா. எண்பது வயதைத் தாண்டியவர். "அது சொல்தா வீடு கண்ணு" என்றுதான் ஆரம்பித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குப் போனார்கள், பட்டாளத்துக்கு, போலீசுக்கு, கணக்கு எழுதுகிற வேலைக்கு. இந்த வீட்டுக்காரரும் அப்படிப் பட்டாளத்துக்குப் போனவர்தான். அவர் அங்கிருந்து அனுப்பிய பணத்தில் அவருடைய தம்பி கூடவே நின்று கட்டிய வீடு அது. பென்ஷனோடு ஊர் திரும்பியவர் சில வருடம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போனார்கள் என்றாலும், சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அண்ணன் பிள்ளைகள் ஒவ்வொருவராக பிரான்சுக்குப் போனார்கள், தம்பி குடும்பம் சென்னைக்குப் போனது. பாகம் மட்டும் பிரிக்கவே இல்லை. இப்போது பேரன் பேத்தி என்று பதினான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் சிலருக்குத் தமிழே தெரியாது என்று ஆயா விரல் விட்டு எண்ணினார்.

"பேயும் இல்ல பிசாசும் இல்ல. கையெழுத்துப் போட ஆள் ஒண்ணு சேரல, அவ்ளோதான்."

ராத்திரிச் சத்தம்? தேக்குத் தூணையும் நிலையையும் கடப்பாறை வைத்துப் பெயர்த்த சத்தம். பேய்க் கதையைக் கிளப்பிவிட்டதே அப்படித் திருடியவர்கள்தான் என்கிறார் ஆயா, நானும் அதைத்தான் நம்புகிறேன்.

இன்னொன்றும் சொன்னார். ஆள் போன பிறகும் வீடு இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது. 2011 டிசம்பர் 30, தானே புயல் அன்று காலையில்தான் பின்பக்க ஓடு முழுக்கப் பறந்தது. மேலே மூடாக்கு போய்விட்டால் சுவருக்குள் தண்ணீர் இறங்கும், அப்புறம் எத்தனை மழைக்குத் தாங்கும்? ஆயாவே வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லி ஆள் வைத்து மூட முடியாதா என்று கேட்டிருக்கிறார், பதினான்கு பேரில் யாருடைய செலவு என்பதிலேயே அந்தப் பேச்சு நின்றுபோனது.

கிளம்பும்போது ஆயா உள்ளே போய் ஒரு சாவியை எடுத்துவந்து காட்டினார். ஒரு சாண் நீளம், நல்ல கனம், எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். தம்பி சம்சாரம் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். கதவே இல்லையே ஆயா என்றேன்.

"அதுக்கு? குடுத்தவங்க வந்து கேட்டா குடுக்கணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.