புதுப்பிப்பு: அப்பா போன பிறகு தூக்கமில்லை என்று எழுதியிருந்தேனே

அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு இரவெல்லாம் நெஞ்சு படபடக்கிறது, ஜெபிக்கவும் வாய் வரவில்லை என்று மூன்று மாதத்துக்கு முன்பு இங்கே புலம்பியிருந்தேன். "விசுவாசக் குறைவு" என்றவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

நரிமேட்டில் எங்கள் சபை ஆயர் ஐயா வேதாகமத்தில் 1 இராஜாக்கள் என்ற புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து கொடுத்தார். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவு கேட்கிறான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து எழுப்புகிறான். எலியா தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறான்; தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பிறகுதான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை. (நானோ அதுவரை வெறும் காபியில் ஓடிக்கொண்டிருந்தேன்.) "முதலில் சாப்பிடப்பா, டாக்டரையும் பார்" என்றார் ஆயர்.

அரசின் இலவச மனநல உதவி எண் 14416. அழைத்தேன், தமிழிலேயே பேசினார்கள். இப்போது மாத்திரை உண்டு.

படுக்கும்முன் வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 88 மட்டும் வாசிக்கிறேன். அது இருளிலேயே முடிகிறது. எனக்கு அதுதான் ஒத்துப்போகிறது. அப்பாவின் வேதாகமத்தில் அந்தப் பக்கத்தில் பழைய மாட்டுத்தாவணி பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது.

சில நாள் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.