ஒரு ஹிட் பாட்டுகூட இல்லாமல் வைட்ஸ்ப்ரெட் பேனிக் எப்படி இவ்வளவு பெரிதானது?

பேஸ்_பித்தன்
ஆல்மன் பிரதர்ஸ் என்ற பழைய ராக் பேண்டைக் கேட்டுக்கொண்டிருந்தவனை யூடியூப் இந்த பேண்டில் கொண்டுவந்து விட்டது. 1986இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் ஆரம்பித்தவர்கள், டாப் 40இல் ஒரு பாட்டுகூடக் கிடையாது, ஆனால் கொலராடோவின் ரெட் ராக்ஸ் அரங்கில் 60 தடவைக்கு மேல் டிக்கெட் முழுக்க விற்றிருக்கிறது. அதே ஊர் ராக் பேண்ட் ஆர்.ஈ.எம்.மை உலகத்துக்கே தெரியும், இவர்களை? ஸ்டுடியோ ஆல்பம் இரண்டு கேட்டேன், சுமார்தான். அப்படி என்ன இருக்கிறது?

மேக்கன்_மைனர்
ஆல்பத்தில் தேடினால் கிடைக்காது பாஸ். முதல் ஆல்பம் 'ஸ்பேஸ் ராங்லர்' 1988இல், அட்லாண்டாவின் லேண்ட்ஸ்லைட் என்ற சின்ன கம்பெனியில் வந்தது, ரேடியோ கண்டுகொள்ளவில்லை. ஏதென்ஸின் அப்டவுன் லவுஞ்ச் கிளப்பில் திங்கள்கிழமை ராத்திரிகளில் வாசித்துத்தான் கூட்டம் சேர்த்தார்கள், அப்புறம் அமெரிக்காவின் தெற்கே இருக்கிற கல்லூரி ஊர் ஒன்று விடாமல் வேனில் சுற்றினார்கள். முக்கியமான விஷயம், முந்தைய இரண்டு மூன்று ராத்திரி வாசித்த பாட்டைப் பெரும்பாலும் திரும்பத் தொடமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை வந்தவன் சனி, ஞாயிறுக்கும் டிக்கெட் வாங்குவான். அரங்கு நிறைவது இப்படித்தான்.

டேப்_டெக்
ரெக்கார்டிங்கை விட்டுவிட்டீர்களே! ரசிகர்கள் ஷோவைப் பதிவு செய்துகொள்ள பேண்டே அனுமதித்தது. சவுண்ட்போர்டுக்குப் பின்னால் உயரமான ஸ்டாண்டில் இரண்டு மைக், கீழே ஹெட்போனும் கையுமாக ஒருத்தர், பக்கத்தில் யாராவது கத்தினால் முறைப்பார். காலி கேசட்டும் திரும்பி வருவதற்கான தபால் செலவும் அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் ஷோவைப் பதிந்து அனுப்பிவிடுவார். விற்பது மட்டும் கூடாது.

ஸ்லைடு_சாமி
கேசட் மட்டும் காரணம் என்றால் அன்றைக்குப் பதிவுக்கு அனுமதித்த பேண்டெல்லாம் ரெட் ராக்ஸை நிரப்பியிருக்க வேண்டுமே. ஆல்மன் பிரதர்ஸை வளர்த்த ஃபில் வால்டன், கேப்ரிகார்ன் கம்பெனியை மறுபடி தொடங்கியபோது 1991இல் இவர்களின் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டார். 1992இல் பல பேண்டுகள் சேர்ந்து போன ஹோர்ட் டூரில் ஃபிஷ், ப்ளூஸ் டிராவலர் பேண்டுகளோடு வாசித்ததில் தெற்குக்கு வெளியேயும் ஆள் சேர்ந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் காரணம் கிட்டாரிஸ்ட் மைக்கேல் ஹவுசர்தான். வால்யூம் பெடலில் கால் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே வாசிப்பார், சுரம் எங்கிருந்தோ மெல்ல ஊறி வரும். பேண்டுக்குப் பெயரே அவருக்கு வந்த பேனிக் அட்டாக்கால் வந்ததுதான். 2002 ஆகஸ்டில் கணையப் புற்றுநோயில் போனார், வயது 40. ஜூலை தொடக்கம் வரை மேடையில் இருந்தார். 2006இல் கிட்டாருக்கு ஜிம்மி ஹெரிங் வந்தார், விரல் வேகத்தில் அவரை அடிக்க ஆளில்லை, ஆனாலும் நான் ஹவுசர் கட்சி.

பேஸ்_பித்தன்
சரி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மேக்கன்_மைனர்
'லைட் ஃப்யூஸ் கெட் அவே', 1998 லைவ் ஆல்பம். அது வெளியானதற்கு ஏதென்ஸ் நடுத்தெருவில் இலவச ஷோ வைத்தார்கள், வந்தது சுமார் ஒரு லட்சம் பேர் என்று கணக்கு. நடுவில் டிரம்ஸ் மட்டும் நீளமாகப் போகும், தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்கு எழுந்துபோகிற ஆளாக இருந்தாலும் தள்ளிவிடாமல் கேளுங்கள். டேவ் ஸ்கூல்ஸின் பேஸ் கேட்க ஹெட்போன் கட்டாயம்.