கேப் மேயில் மூன்று நாளும் வெறும் வானம்: இந்த முறை எதை மாற்றலாம்?

கேள்வி
போன செப்டம்பர் கடைசியில் வலசைப் பறவைகளைப் பார்க்க நியூஜெர்சியின் கேப் மேக்கு மூன்று நாள் போயிருந்தேன். அந்தச் சமயத்தில் பறவை கொட்டும் என்றார்கள். எனக்குக் கிடைத்தது நல்ல வெயில், இதமான தென்றல், அப்புறம் ஆறு வார்ப்ளர் (பூச்சி தின்னும் சிறு பறவைகள்). ஆறே ஆறு!

இந்த வருடம் அக்டோபர் முதல் வாரத்தில் நான்கு நாள் விடுப்பு. முதல் நாள் ஹிக்பி பீச், அடுத்து பருந்து பார்க்கும் மேடை, அப்புறம் ஃபோர்சைத் சரணாலயம், கடைசி நாள் விட்டதைப் பிடிக்க. தேதியை மாற்றவா, இடத்தையா?

பதில் 1
"இதமான தென்றல்" என்று காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். தெற்கே போகிற பறவைக்கு அது எதிர்க்காற்று. பெரும்பாலானவை கிளம்பாமல் வடக்கிலேயே உட்கார்ந்துவிடும்.

நமக்கு வேண்டியது வாடை, அதிலும் வடமேற்குக் காற்று. குளிர்க்காற்று முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்து போன இரவில் சிறு பறவைகள் கூட்டமாகக் கிளம்பும். காற்று அவற்றைக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். கேப் மே ஒரு முனை. எதிரே டெலவேர் விரிகுடா, அக்கரைக்குப் படகில் 17 மைல். அதைப் பார்த்ததும் பல பறவைகள் தயங்கி நின்றுவிடும். விடியற்காலையில் ஹிக்பியில் அவை வடக்கே பறப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தங்கி இரை தேடக் காடு பார்த்துத் திரும்புகின்றன.

தேதி அருமை. பொரி வல்லூறுகள் அதிகம் வரும் சமயமே அதுதான். கிழமைக்கு இடம் ஒதுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். ராடாரை வைத்து அடுத்த மூன்று இரவுக்குக் கணிப்புத் தரும் பேர்ட்காஸ்டைத் தினமும் பாருங்கள். வாடை அடித்த மறுநாள் விடியலில் ஹிக்பி, வெயில் ஏறியதும் மேடை. தென்றல் நாளில் ஃபோர்சைத்: கரைப்பறவைகளுக்குக் காற்றைவிட ஓதம்தான் முக்கியம். கடல் ஏறும்போது சேற்றுத்திட்டு மூழ்கி, அவை உள்பக்கக் குளங்களுக்கு வந்துவிடும். எட்டு மைல் வண்டிப் பாதையில் காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம்.

பதில் 2
இலையுதிர் கால வார்ப்ளர்கள் பாதி ஒரே மங்கல் பச்சை. பிளாக்போலா, பே-பிரெஸ்டடா என்று இந்த இரண்டு வார்ப்ளர் வகைகளில் திணறினால் பாதத்தைப் பாருங்கள். பிளாக்போலுக்கு மஞ்சள். நான் இதைத் தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆனது. கொசு மருந்து கட்டாயம். உப்புச் சதுப்புக் கொசு சட்டைக்கு மேலேயே கடிக்கும்.

கேட்டவர்
போய் வந்தாச்சு. முதல் இரண்டு நாள் தென்றல், சொன்னபடி ஃபோர்சைத். மூன்றாம் நாள் அதிகாலை தங்கும் அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் சில்லென்று வாடை. ஹிக்பியில் தலைக்கு மேல் "சிப், சிப்" என்று ஓயாத சத்தம். நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். மதியம் மேடையில் ஒரு பொரி வல்லூறு கண் மட்டத்தில் போனது.

ஒரே ஒரு சந்தேகம்: சின்ன வல்லூறு ஒன்று, வால் நுனி கத்தரித்த மாதிரி நேராக இருந்தது. ஒன்றைப் போலவே இருக்கும் இரண்டு வகைகளில் எது, ஷார்ப்-ஷின்டா, கூப்பரா?

பதில் 1
நேரான வால் என்றால் ஷார்ப்-ஷின்ட் பக்கம்தான் சாய்வேன். ஆனால் வாலை மட்டும் நம்ப மாட்டேன். பறக்கும்போது தலை இறக்கையைத் தாண்டி நன்றாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததா?

கேட்டவர்
இல்லை, தலையே இல்லாத மாதிரி இருந்தது.

பதில் 1
அப்போ ஷார்ப்-ஷின்ட்.